பதினேழாவது கேள்வி

பரிமளா ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பின்னால் வண்டி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருணிக் கரை முழுக்க மஞ்சள் வேட்டிகள். ஈரத் தலைகள். உறுமி மேளம் காதில் புகுந்து நெஞ்சில் அடித்தது. மாரியம்மனுக்கு அலகு குத்திக்கொள்ள வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் ஆளுக்கு வேல் ஏறிவிட்டது. இரண்டாவது ஆளுக்கும் ஏறிவிட்டது.

மூன்றாவது ஆள் ரகுநாத். அவளுடைய தம்பி.

"தள்ளுங்க... கொஞ்சம் வழி விடுங்க!"

"வரிசையில வா ஆத்தா. நாங்க மட்டும் வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்?" என்றாள் பால்குடத்தோடு நின்ற ஒருத்தி.

"நான் குத்திக்க வரலைங்க. குத்துறதை நிறுத்த வந்திருக்கேன்."

"அடி ஆத்தி!"

வழி தானாகக் கிடைத்தது.

ரகுநாத்தின் தோள்களை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். கண்கள் மேலே செருகியிருந்தன. உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. அலகு குத்தும் ஆத்மநாதன் அவன் கன்னத்தில் விபூதியைத் தேய்த்து, சதையை விரலால் இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் மூன்றடி வேல். அதன் நுனி கன்னத்தைத் தொட்டது.

பரிமளா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும்.

மேளம் நின்றது.

*

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு முன்னால், திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து முத்துராஜ் போன் செய்திருந்தான். பரிமளாவின் கணவன். திருவரங்குளத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறவன். ஆறு மாதமாகக் கடையைவிட ஆஸ்பத்திரியில் இருந்த நாள்தான் அதிகம்.

"கவுண்ட் ஆறாயிரம்" என்றான். "மூக்குலேருந்து ரத்தம் வருது. பஞ்சு வெச்சும் நிக்கல. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பிளேட்லெட் ஏத்தியாகணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

பரிமளா துவைத்த துணி எடுத்துப்போகத் திருவரங்குளம் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் பாதி மடித்த கவுன் இருந்தது. அதைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"லிஸ்ட்ல யாரும் இல்லையா?"

"ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒருத்தர் சிங்கப்பூர்ல. இன்னொருத்தர் போனே எடுக்கல. பிளட் பேங்க்லயும் ஸ்டாக் இல்ல. ஒன் தம்பிதான் பாக்கி. அவனும் போன் எடுக்க மாட்டேங்கிறான்."

அவர்கள் மகள் கார்த்திகாவுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். மருந்து நோயைக் கொல்லும்போது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் சேர்த்தே கொல்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது ஆறாயிரத்துக்கு இறங்கினால், இன்னொருவர் உடம்பிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். கார்த்திகாவின் ரத்த வகை ஓ நெகடிவ். கேட்டவுடன் கிடைக்காத வகை.

பரிமளாவும் ஓ நெகடிவ்தான். தனக்கு ரத்தம் பத்தவில்லை, எடுக்க மாட்டார்களாம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அதிலிருந்து முத்துராஜ் வாரம் தவறாமல் அவளுக்குப் பேரீச்சம்பழம் வாங்கிவந்தான். அவளும் தவறாமல் தின்றாள்.

ஆறு மாதத்தில் அந்தக் குடும்பம் ஒரு சின்ன ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் முத்துராஜுடையது. காய்ச்சல் பார்ப்பது, சாப்பாடு, மாத்திரை எல்லாம் பரிமளாவுடையது. அழுவதற்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள்: இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டு. அங்கே அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டுதான் வார்டுக்குள் போக வேண்டும். கார்த்திகா தினமும் கவுண்ட்டை ஸ்கூல் மார்க் மாதிரிக் கேட்பாள். "இன்னிக்கு நான் பாஸா, ஃபெயிலா?"

முத்துராஜ் போட்ட ஒரு சட்டமும் இருந்தது.

போன கார்த்திகை மாதம் கார்த்திகாவுக்கு முதலில் காய்ச்சல் கண்டபோது, உடம்பெல்லாம் கருநீலத் திட்டுகள் வந்தபோது, பரிமளா அவளைக் குறி சொல்கிறவரிடம் தூக்கிப்போனாள். மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், மறுபடி கயிறு. அப்படிப் பதினோரு நாள் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?"

அன்றைக்கு இரு வீட்டாரையும் உட்காரவைத்து முத்துராஜ் சொன்னான்: "இனிமே இந்தப் புள்ளைக்காக யாரும் எந்தச் சாமிக்கும் நேந்துக்கக் கூடாது. மருந்து குடுக்குறது, சோறு ஊட்டுறது. வேற ஒண்ணும் வேணாம். மீறினா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

முதலில் தலையாட்டியவள் பரிமளாதான்.

அதற்கப்புறமும் ஒரு தடவை தாமதம் ஆனது. பிப்ரவரியில் இதே மாதிரி கவுண்ட் இறங்கி, பிளேட்லெட் பை வந்து சேர ஒன்பது மணி நேரம் ஆனது. கார்த்திகா நான்கு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. அந்தக் கண்ணில் பாதிப் பார்வைதான் திரும்பிவந்தது. ஸ்டாக் இல்லாததால் வந்த தாமதம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு ஒன்பது மணி நேரம் கார்த்திகாவிடம் இல்லை.

பரிமளா தம்பி வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவன் மனைவி சத்யா. 

"அண்ணி... அவரு கோயிலுக்குப் போயிருக்காரு."

"கோயிலுக்கா? போனை வீட்டுல வெச்சிட்டா?"

"காப்புக் கட்டியிருக்காருல்ல. கார்த்திகாவுக்காக அலகு குத்திக்கிறேன்னு நேந்துகிட்டாரு. அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு..."

"எந்தக் கன்னத்துல?"

"என்னண்ணி?"

"ஒண்ணுமில்ல. எத்தனை மணிக்குக் குத்துறாங்க?"

"பதினோரு மணிக்கு மேல."

திருவரங்குளத்திலிருந்து அரிமளம் தாண்டி அந்தக் கோயில் வரைக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். பரிமளா ஹெல்மெட்டைத் தேடவில்லை.

*

"கையை எடு தாயி" என்றார் பூசாரி பிச்சைமுத்து. குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம். "சாமி எறங்கி நிக்கிற உடம்பு. தொடக் கூடாது."

பரிமளா கையை எடுக்கவில்லை. தம்பியின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"டேய் ரகு. கார்த்திகாவுக்கு மூக்குல ரத்தம் நிக்கல. ஒன் ரத்தம் வேணும்."

குலுக்கல் நின்றது. செருகிய கண் இறங்கியது.

"அக்கா? நீ எப்படி இங்கிட்டு?"

"பஸ்ஸுக்குப் போகணும், வா. கன்னத்துல குத்தினா ஒரு வருசத்துக்கு ஒன் ரத்தத்தைத் தொட மாட்டாங்க."

"யாரு சொன்னா?"

"ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி பாரத்துல கேப்பாங்க. பதினேழாவது கேள்வி. பன்னெண்டு மாசத்துக்குள்ள பச்சை குத்தினீங்களா, காது மூக்கு குத்தினீங்களா, அலகு குத்தினீங்களான்னு."

"பாரத்தை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கியா?"

"ஆறு மாசம் அந்த பெஞ்சுல உக்காந்து பாரு. ஒனக்கும் மனப்பாடம் ஆகும்."

ஆத்மநாதன் வேலைத் தாழ்த்தினார். இருபது வருடமாக அலகு குத்துகிறவர். மற்ற நாட்களில் அரிமளத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். நிதானமான மனிதர்.

"தங்கச்சி, கன்னம் வேணாம்னா விடு. நாக்குல சின்னதா ஒண்ணு குத்திடுறேன். ரெண்டு நாள்ல ஆறிப்போகும். அடுத்தவங்க கண்ணுக்குத் தழும்பே தெரியாது."

"நாக்கும் ஆகாது."

"யாருகிட்டயாவது கேட்டுப் பாத்தியா?"

"ஆகாதுங்க."

பூசாரி முன்னால் வந்தார். அவருக்கு வேறு கவலை.

"இந்தா பாரும்மா. காப்புக் கட்டினவன் நேர்த்தியை முடிக்காம எல்லை தாண்டக் கூடாது. ஊருக்கே ஆகாது. பச்சைப் புள்ளைக்காக நேந்துகிட்டது. குத்தாமப் போனா அந்தப் புள்ளைக்குத்தான் ஏதாச்சும் ஆகும்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ரகுநாத் கால் மாற்றி நின்றான். அக்காவைப் பார்த்தான், வேலின் நுனியைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. கூட்டத்துக்குப் பயந்தவன் இல்லை அவன். பூசாரி கடைசியாகச் சொன்ன வார்த்தைக்குப் பயந்தான்.

"அக்கா... குத்திக்கிட்டு வந்துடுறேனே. வேற யாராச்சும் கெடைக்க மாட்டாங்களா?"

பரிமளா மணியைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தெட்டு.

"ஏன் பூசாரி, இவனுக்குப் பதிலா வேற ஆளு குத்திக்கலாமா?"

பிச்சைமுத்து யோசித்தார். "கூடப் பொறந்தவங்க குத்திக்கலாம். எங்கப்பா காலத்துல அப்படி ஒரு தடவை நடந்திருக்கு. ஆனா நீ வெரதம் இல்லையேம்மா?"

"காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அது வெரதம்தான்." ஆத்மநாதன் பக்கம் திரும்பினாள். "எனக்குக் குத்துங்க. நாக்குலயே குத்துங்க. சீக்கிரம்."

"அக்கா! நீயும் ஓ நெகடிவ்தானே? அப்புறம் நீ..."

"எங்கிட்டதான் ரத்தம் பத்தாதுன்னுட்டாங்களே. நீ பேசாம நில்லு."

அவள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். முழுசாக, நுனி கீழே வளையும்படி நீட்டினாள். முதல் தடவை வருகிறவர்கள் பாதி நாக்கைத்தான் நீட்டுவார்கள். ஆத்மநாதன் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

ஆத்மநாதன் விபூதியை எடுத்துக்கொண்டு குனிந்தார். வேலின் நுனி நாக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தேவைக்கு இரண்டு நொடி அதிகமாக.

பிறகு வேலைத் தட்டில் வைத்தார்.

"இந்த வீட்டு நேர்த்தி முடிஞ்சிருச்சு" என்றார் பூசாரியிடம். "விட்டுடுங்க. போகட்டும்."

"என்னய்யா சொல்ற? எப்ப முடிஞ்சுச்சு?"

"முடிஞ்சிருச்சுங்கிறேன்ல. இருவது வருசமா நான் சொல்லி நீங்க கேக்காம இருந்திருக்கீங்களா? அம்பாளுக்கு நான் பொறுப்பு. தீர்த்தம் குடுத்து அனுப்புங்க."

பிச்சைமுத்து இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தீர்த்தச் செம்பை எடுத்தார்.

"காப்பை மட்டும் அவுக்காதப்பா. முடிச்சிட்டு இங்க வந்து அவுத்துக்க."

மேளம் மறுபடி ஆரம்பித்தது. நான்காவது ஆள் முன்னால் நகர்ந்தான்.

பரிமளா கண்ணைத் திறந்து ஆத்மநாதனைப் பார்த்தாள். அவர் அடுத்த ஆளின் கன்னத்தில் விபூதி தேய்த்துக்கொண்டிருந்தார்.

*

ஸ்கூட்டியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. ரகுநாத் டூ வீலர் மெக்கானிக். இன்னொரு நாளாக இருந்தால் வண்டியை அந்த நிலையில் பார்த்துத் திட்டியிருப்பான். இன்று ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து ஓட்டினான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. பன்னிரண்டு நாற்பது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, ஒரு ஓட்டலுக்குள் அவனை உட்காரவைத்தாள்.

"சாப்பிடு."

"காப்புக் கட்டியிருக்கேன்க்கா. வெளியில சாப்பிடக் கூடாது."

"வெறும் வயித்துல இருந்தா எடுக்க மாட்டாங்க. மயக்கம் போட்டு விழுவ. அப்புறம் ஒனக்கே ரத்தம் ஏத்தணும்."

"வெரதம்..."

"டேய். ஆறு இட்லி. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அவன் தின்றான். ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு தடவை கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டான். எதிர் மேசைக்காரர் மஞ்சள் வேட்டியையும் கைக் காப்பையும் பார்த்துவிட்டுத் தன் ஆம்லெட்டை மறைத்துக்கொண்டார்.

ஒன்று ஐந்துக்குத் திருச்சி பஸ். கண்டக்டர் ரகுநாத்தைப் பார்த்ததும் முன்சீட்டில் இருந்த இருவரை எழுப்பி இடம் கொடுத்தார். "சாமி உக்காருங்க." கீரனூர் தாண்டும்போது பரிமளா பையிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இதையும் தின்னு."

"மச்சான் ஒனக்கு வாங்கினதா?"

"ம்."

"மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சிடுவாரு. நேந்துகிட்டது."

"நான் சொல்ல மாட்டேன்."

பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை வாயில் போட்டான். பிறகு கேட்டான்.

"அக்கா, ஊசி பெருசா இருக்குமா?"

பரிமளா திரும்பினாள்.

"மூணடி வேலைக் கன்னத்துல வாங்கிக்கப் போனவன், ஊசிக்குப் பயப்படுறியா?"

"அது சாமி வந்து இருக்கும்போது குத்துறது. வலிக்காது. ஆஸ்பத்திரியில சாமி வராதுல்ல."

அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். உடனே போன் அடித்தது. முத்துராஜ்.

"எங்க இருக்கீங்க?"

"கீரனூர் தாண்டியாச்சு."

"டாக்டர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க. பஞ்சை மாத்திக்கிட்டே இருக்காங்க. தலை வலிக்குதுங்குறா."

"கண்ணு? கண்ணு தெரியுதான்னு கேட்டீங்களா?"

"தெரியுதாம். நான் பாஸா ஃபெயிலான்னு கேக்குறா. என்ன சொல்ல?"

"பரீட்சை இன்னும் முடியலன்னு சொல்லுங்க."

*

பிளட் பேங்க். இரண்டு ஐம்பது. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி, காணிக்கை வாங்க வந்த ஆள் என்று நினைத்து ரகுநாத்தை நிறுத்தி ஐந்து நிமிடத்தை வீணாக்கியிருந்தார்.

டெக்னீஷியன் பெலிக்ஸ் பாரத்தை நீட்டினான். முப்பது வயசுக்காரன். வேகமாகப் பேசுகிறவன். பரிமளாவைப் பார்த்து ஒரு தடவை தலையை அசைத்தான். தெரிந்தவர்களுக்குச் செய்கிற மாதிரி. ஆறு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

"நேத்து தண்ணி கிண்ணி?"

"காப்புக் கட்டியிருக்கேன் சார். பதினஞ்சு நாளா தொடல."

"மாத்திரை ஏதாவது? ஆஸ்பிரின்?"

"இல்ல."

கேள்விகள் வரிசையாகப் போயின. பதினேழாவது கேள்வியில் பெலிக்ஸ் நிமிர்ந்தான். மஞ்சள் வேட்டி. கழுத்தில் வாடின வேப்பிலை. கையில் காப்பு. இடது கன்னத்தில் காய்ந்த விபூதி.

"அலகு குத்தினீங்களா?"

"இல்ல சார். குத்தப் போனேன். குத்தல."

"உண்மையைச் சொல்லுங்க. இது விளையாட்டு இல்ல. அழுக்கான வேலா இருந்தா, நோய் ஏதாவது ஒட்டியிருந்தா, டெஸ்ட்ல உடனே தெரியாது. பேஷன்ட்டுக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது. நேரா குழந்தைக்குப் போயிடும்."

"அம்மன் சத்தியமா குத்தல."

பெலிக்ஸ் டார்ச்சை எடுத்தான். இரண்டு கன்னத்தையும் உள்ளேயும் வெளியேயும் பார்த்தான். நாக்கை நீட்டச் சொல்லி மேலும் கீழும் பார்த்தான். பாரத்தில் கையெழுத்துப் போட்டான்.

"ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன். எல்லாம் சரியா இருந்தா மெஷின்ல போட்டுடலாம்."

ஒரு மணி நேரம். பரிமளா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரின் எல்லாத் தேதிகளையும் ஒரு தடவை படித்தாள். மேலே வார்டுக்குப் போகவில்லை. ரிசல்ட் தெரியாமல் கார்த்திகாவின் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு பெலிக்ஸ் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு வந்தான்.

ரகுநாத்தைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அவன் அக்காவின் கையைப் பிடித்தான். கூச்சல் போடவில்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டான். மெஷின் சுழலத் தொடங்கியது. ரத்தம் ஒரு குழாயில் போய், இன்னொரு குழாயில் திரும்பியது. மேலே தொங்கிய பையில் மஞ்சளாக, வடித்த கஞ்சி நிறத்தில் ஏதோ சொட்டத் தொடங்கியது.

"இதுதானாக்கா?"

"இதுதான்."

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான்."

ஐந்து இருபத்தைந்துக்குப் பை நிறைந்தது. லேபிள் ஒட்டினார்கள். ஒரு நர்ஸ் அதைக் கையில் ஏந்திக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினாள்.

ஐந்து ஐம்பதுக்கு முத்துராஜ் கீழே இறங்கிவந்தான். கண் சிவந்திருந்தது. முகம் கழுவியிருந்தான்.

"ஏறிக்கிட்டு இருக்கு. மூக்குல கசிவு கொறைஞ்சிருக்கு. டாக்டர் மூஞ்சியில இப்பத்தான் ஈயாடுது."

பிறகுதான் மச்சினனைச் சரியாகப் பார்த்தான். வேட்டி, காப்பு, வேப்பிலை.

"என்ன மாப்ள வேசம் இது?"

ரகுநாத் அக்காவைப் பார்த்தான். மறைக்கத் தெரியாத முகம்.

"திட்டாதீங்க மச்சான். அலகு குத்துறேன்னு நேந்துகிட்டேன். ஆனா குத்தல. வேலு கன்னத்துக்கு வந்துருச்சு. அக்காதான் ஓடிவந்து ஆத்மநாதன் கையைப் புடிச்சிருச்சு. குத்தியிருந்தா ஒரு வருசத்துக்கு ரத்தம் குடுக்க முடியாதாமே."

முத்துராஜ் அவனைத் திட்டவில்லை. திட்ட வாயெடுத்து விட்டுவிட்டான். மேலே ஏறிக்கொண்டிருந்த பையை நினைத்திருக்கலாம். பரிமளாவின் தோளில் கை வைத்தான். எல்லோர் முன்னாலும் அப்படிச் செய்கிறவன் இல்லை.

"பாருங்க சார்" என்றான் பெலிக்ஸிடம். "இந்த ரூல் எனக்கே தெரியாது. தினமும் டோனர்களோட மாரடிக்கிறவன் நான். இவதான் கரெக்டாத் தெரிஞ்சு வெச்சிருக்கா. இவளுக்கும் இதே குரூப்தான். ரத்தம் பத்தலன்னு நீங்க எடுக்க மாட்டேன்னுட்டீங்க. நானும் மூணு மாசமா பேரீச்சம்பழமா வாங்கிப் போடுறேன். இப்பவாவது ஏறியிருக்கான்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்."

பரிமளா, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வாங்க மேல போவோம்" என்றாள்.

பெலிக்ஸ் அதைக் கவனிக்கவில்லை. பாரங்களைக் கோப்பில் செருகிக்கொண்டே, இயல்பாகச் சொன்னான்.

"மேடத்துக்கு ரத்தம் பத்தலையா? யாரு சார் சொன்னது? அன்னிக்கே ஹீமோகுளோபின் பதிமூணு இருந்துச்சு. பிப்ரவரியில மெஷின் எல்லாம் ரெடி பண்ணி இவங்களைப் படுக்க வெச்சதே நான்தான். பதினேழாவது கேள்வியில நின்னுபோச்சு. பாவம், பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. பொண்ணுக்காகத் தைப்பூசத்தன்னிக்கு நாக்குல வேல் குத்திக்கிட்டேன்னாங்க. அதனாலதானே சார் அன்னிக்கு மதுரையிலேருந்து பை வர ஒன்பது மணி நேரம் ஆச்சு?"